கிரேடி ஒத்துக்க மாட்டாரு

வெர்னிட்டா டில்மனுக்கு அன்று காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. காபி போட்டாள், குடிக்கவில்லை. மேசையைத் துடைத்தாள்; துடைத்த மேசையையே மறுபடியும் துடைத்தாள். வாசலுக்குப் போய் நேச்சுரல் பிரிட்ஜ் சாலையை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்தாள்.

"அக்கா, நீ நடக்கிற நடையில சிமெண்டுத் தரை தேஞ்சிரும். அப்புறம் அதுக்கும் நீதான் டெண்டர் போடணும்" என்றான் கோர்டெல். அவளுடைய சித்தி மகன்; கம்பெனியில் மேஸ்திரி.

"வாயை மூடிக்கிட்டு அந்த பூட்ஸைக் கழட்டி வெளிய வைடா. அவங்க வர நேரத்துல வாசலெல்லாம் சேறு."

"சாக்கடைக் குழாய் பதிக்கிற கம்பெனியில சேறு இல்லாம சந்தனமா இருக்கும்?"

அவன் சொன்னதும் நியாயம்தான். ஆனால் நியாயம் கேட்கிற நிலையில் அவள் இல்லை. செயின்ட் லூயிஸ் நகரத்தின் வடக்குப் பக்கத்தில், அவள் பிறந்து வளர்ந்து சண்டை போட்ட தெருக்களுக்கு அடியில், நூறு வருஷமாகக் கிடக்கிற களிமண் குழாய்களைத் தோண்டியெடுத்துவிட்டுப் புதுக் குழாய் போடக் கழிவுநீர் வாரியம் டெண்டர் விட்டிருந்தது. வேலையில் ஒரு பங்கு பெண்களும் கறுப்பினத்தவரும் சொந்தமாக நடத்துகிற கம்பெனிகளுக்குப் போக வேண்டும் என்பது விதி. வெர்னிட்டா இரண்டும்தான். ப்ரெண்ட் என்கிற பெரிய காண்ட்ராக்டர் அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தான்: "வீட்டு இணைப்புக் குழாய் முழுக்க உனக்குத்தான். ஆனா வாரியத்தோட சான்றிதழ் கையில இருக்கணும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் டெண்டர் மூடுது. அதுக்குள்ள இல்லேன்னா கோவிச்சுக்காதே, நான் வேற ஆளைப் போட்டுக்குவேன்."

இரண்டு பொக்லைன், மூன்று லாரி, பள்ளத்தில் இறங்கப் பத்து ஆள். இந்தக் குளிர்காலம் முழுக்க அவர்களுக்கு ஒழுங்கான வேலை கிடையாது. இது கிடைத்தால் மூன்று வருஷம் கவலையில்லை. கிடைக்காவிட்டால் ஒரு பொக்லைனை விற்க வேண்டும், அப்புறம் ஆளை நிறுத்த வேண்டும், அப்புறம் வாசலில் பூட்டு.

சான்றிதழ் கொடுப்பதற்கு முன்னால் வாரியத்திலிருந்து ஆள் வந்து பார்ப்பார்கள். ஏனென்றால் பேருக்கு ஒரு பெண்ணை உட்காரவைத்துப் பின்னால் ஆம்பிளை நடத்துகிற கம்பெனி ஊரில் எக்கச்சக்கம். பெண்டாட்டி பேரில், மச்சினி பேரில், ஒருத்தன் மாமியார் பேரிலேயே தார் ரோடு போட்டான். உண்மையாகவே கம்பெனி நடத்துகிற பெண்ணுக்கு இந்தத் திருடர்களால் இரட்டைச் சோதனை. இருந்தாலும் வெர்னிட்டாவுக்கு அதில் பயமில்லை. அவள் கம்பெனி அவளுடையதுதான். முதல் குழாயை அவளே இறங்கிப் பதித்தாள். இதில் என்ன நிரூபிக்க வேண்டிக் கிடக்கிறது?

அம்ரா பெகிச் சொன்ன நேரத்துக்கு வந்தாள். முப்பது வயதிருக்கும். போஸ்னியாவிலிருந்து வந்து நகரத்தின் தெற்குப் பக்கத்தில் குடியேறிய குடும்பத்துப் பெண். பார்வையில் ஒரு கறார். ஆனால் பேச்சு கொடுத்தால் பேசினாள். பொக்லைனைப் பார்த்தாள், லாரியைப் பார்த்தாள், ஆட்களிடம் தனியாக நாலு வார்த்தை கேட்டாள், வெர்னிட்டாவிடம் ஒரு மணி நேரம் கேள்வியாகக் கேட்டாள். எல்லாம் தடங்கலில்லாமல் போனது.

"போன மாசம் ஒரு கம்பெனிக்குப் போனேன். முதலாளியம்மாகிட்ட 'உங்க பொக்லைன் எங்க நிக்குது'ன்னு கேட்டேன். 'அவரு வந்து சொல்வாரு'ன்னாங்க" என்று அம்ரா சிரித்தாள்.

"கடவுளே!" என்று வெர்னிட்டாவும் சிரித்தாள். பேக்கரியிலிருந்து வாங்கி வைத்திருந்த வெண்ணெய் கேக்கைத் தட்டில் வைத்து நீட்டினாள்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. குழாய்க் கிடங்கு நடத்துகிற டேல் ப்ரூகர். மறுநாள் அனுப்ப வேண்டிய குழாயை வெள்ளிக்கிழமைதான் அனுப்ப முடியும் என்று இழுத்தான்.

"வெள்ளிக்கிழமையா? அதெல்லாம் நடக்காது டேல். நாளைக்குக் காலையில லாரி வரணும். கிரேடி ஒத்துக்க மாட்டாரு" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

வைத்த கை அப்படியே நின்றது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அதுதான். அம்ராவின் பேனாவும் நின்றிருந்தது.

"கிரேடி யாரு?" என்று அம்ரா கேட்டாள்.

கேட்டுக்கொண்டே அவள் கண் சுவரில் இருந்த ஆணிக்குப் போனது. அங்கே ஒரு பெரிய சைஸ் ஆம்பிளைக் கோட்டு தொங்கியது. அதன் மேல் ஒரு வெள்ளை ஹெல்மெட். வெர்னிட்டா தினமும் அதைப் பார்த்துப் பார்த்து, அது அங்கே இருப்பதையே மறந்துபோயிருந்தாள். மேசையை இரண்டு தடவை துடைத்தவளுக்கு அந்தக் கோட்டை எடுத்து ஒளித்துவைக்கத் தோன்றவில்லை.

கிரேடி யாரா? அந்தக் கதையைக் கேளுங்கள். கம்பெனி ஆரம்பித்த புதிதில் வெர்னிட்டா குழாய் கேட்டு இதே டேலுக்குப் போன் போட்டாள். "முதலாளிகிட்டப் போனைக் கொடு கண்ணு" என்றான் அவன். நான்தான் முதலாளி என்றாள். அவன் சிரித்தான். மறுநாள் மறுபடி போட்டாள், மறுபடியும் "முதலாளி எங்கே கண்ணு?" மூன்றாம் நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. பள்ளம் வெட்டிக் கிடக்கிறது, மழை வருகிறது, குழாய் இல்லை. போன் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு கையை எடுத்துவிட்டு, "மிஸ்டர் கிரேடி கேட்கிறாரு, இன்னிக்கே வருமா வராதான்னு" என்றாள். வாயில் வந்த முதல் பெயர் அது. மத்தியானமே குழாய் வந்து இறங்கியது.

அதிலிருந்து கிரேடிதான் எல்லாம். விலை குறைக்கச் சொல்கிறவர் கிரேடி, தாமதமானால் கத்துகிறவர் கிரேடி, உடைந்த குழாயைத் திருப்பியனுப்புகிறவர் கிரேடி. வெர்னிட்டா நல்லவள், பாவம், அவள் என்ன செய்வாள்? கிரேடிதான் முரடர். கிடங்குக்காரன், வாடகை இயந்திரம் கொடுக்கிறவன், ஜல்லி விற்கிறவன் எல்லோருக்கும் கிரேடி என்றால் பயம், பயம் என்பதால் மரியாதை. யாராவது திடீரென்று ஆபீசுக்கு வந்துவிட்டால் காட்டுவதற்காகப் பழைய துணிக்கடையில் அந்தக் கோட்டை வாங்கி மாட்டினாள். "இப்பத்தான் வெளிய போனாரு. பாருங்க, குளிர்ல கோட்டைக்கூட விட்டுட்டுப் போயிட்டாரு." காசு கொடுத்துச் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

இதை அப்படியே அம்ராவிடம் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் வெர்னிட்டாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஐம்பது வயதுப் பெண், இல்லாத ஒரு ஆம்பிளையின் பின்னால் ஒளிந்துகொண்டு பிழைத்தேன் என்று இந்தச் சின்னப் பெண்ணிடம் எந்த முகத்தோடு சொல்வது?

"அவரு ஒரு பெரியவரு. தெரிஞ்சவரு. சும்மா யோசனை சொல்வாரு" என்றாள்.

"கோட்டு அவரோடதா?"

"ஆமா."

அம்ரா கேக்கைத் தொடாமல் எழுந்து போனாள்.

இரண்டு நாள் கழித்து அவளே போனில் கூப்பிட்டாள். குரலில் கோபம்கூட இல்லை, சலிப்புதான் இருந்தது. "மிஸ் டில்மன், நீங்க வியாபாரம் பண்ற மூணு இடத்துல விசாரிச்சேன். மூணு பேரும் முதலாளி கிரேடிங்கறாங்க. நீங்க போன் எடுக்கறவங்கன்னு சொல்றாங்க. சான்றிதழ் தர முடியாது. ஆட்சேபணை இருந்தா மேல்முறையீட்டுக் குழு திங்கட்கிழமை உட்காருது, வந்து சொல்லுங்க."

"அம்ரா, கொஞ்சம் கேளுங்க..."

"என்கிட்டப் பொய் சொல்லியிருக்க வேண்டாம்" என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

வெர்னிட்டா ஆபீசுக்கும் முற்றத்துக்குமாக நடந்தாள். கோர்டெலிடம் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

"கிரேடியைக் கொன்னுருவோம் அக்கா. போன வருஷமே செத்துட்டாருன்னு சொல்லு."

"செத்தா பிணம் எங்கேம்பாங்க, மண்டையில ஏதாவது இருக்காடா உனக்கு? அந்த ஆளு இருந்தாருன்னாலே நான் தொலைஞ்சேன். அவரு இல்லவே இல்லைன்னு காட்டணும். இல்லாத ஒருத்தன் இல்லைங்கறதை எப்படிடா காட்டறது?"

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாஸ்டர் பொறுமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில் அவள் பாதியில் எழுந்து கார் நிறுத்துமிடத்தில் போய் உலாத்தினாள். வீட்டில் பன்றிக்கறி வாட்டினாள், கருக விட்டாள். எதைச் செய்தாலும் நடுவில் ஒரு நினைப்பு வந்து குத்தியது: இந்த நேரம் கிரேடியாக இருந்தால் என்ன செய்திருப்பார்? அப்படி நினைத்ததற்காகவே தன் மேல் ஆத்திரம் வந்தது. நான் செய்து வைத்த பொம்மை, என்னைவிடத் தைரியசாலியாம்!

திங்கட்கிழமை. நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் லெமார் பெட்டிஸ் என்கிற தலைவர், நரைத்த மீசை வைத்த கறுப்பினப் பெரியவர். மேசை ஓரத்தில் தனியாக அம்ரா. இந்தப் பக்கம் வெர்னிட்டா, தேவாலயத்துக்குப் போடுகிற நீலக் கோட்டில். கோர்டெல் பின்னால் ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான்.

வெர்னிட்டா எல்லாவற்றையும் சொன்னாள். பொத்திய போனிலிருந்து தொங்கிய கோட்டு வரைக்கும். சொல்லச் சொல்ல காது சூடேறியது. முடித்தபோது பெட்டிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா, நான் இந்த நாற்காலியில ரொம்ப நாளா உக்காந்திருக்கேன். மாட்டிக்கிட்ட எல்லாரும் 'அந்த ஆளுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை'ம்பாங்க. 'அந்த ஆளே கிடையாது'ன்னு சொன்னது நீங்கதான் முதல். பாராட்டறேன். ஆனா நம்பறதுக்கு ஏதாவது வேணுமே?"

"நேர்ல பாத்திருக்கோம்னே சொல்றாங்க சார். டேல் ப்ரூகர் கிரேடியோட ஏரிக்கு மீன் பிடிக்கப் போயிருக்காராம்" என்றாள் அம்ரா.

வெர்னிட்டாவின் வாய் திறந்தது. "என்னது? என்ன பண்ணப் போனாரு?"

"மீன் பிடிக்க."

"யாரோட?"

"கிரேடியோட."

வெர்னிட்டா கோர்டெலைத் திரும்பிப் பார்த்தாள். அவன் இரண்டு கையையும் விரித்தான். அந்த நிமிஷம், நாலு நாளாக அவள் மண்டைக்குள் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தது ஒரு இடத்தில் வந்து நின்றது. அட பாவி! கிரேடியைப் பற்றிப் பொய் சொன்னவள் நான் ஒருத்தி மட்டும் இல்லையா?

"சார், ஒரே ஒரு உபகாரம் பண்ணுங்க. மூணு பேருக்கும் இங்கேயிருந்தே போன் போடுங்க. நான் மூச்சு விட மாட்டேன். கிரேடி பாக்க எப்படி இருப்பாருன்னு மட்டும் கேளுங்க."

பெட்டிஸ் அம்ராவைப் பார்த்தார். அம்ரா தோளைக் குலுக்கிவிட்டு மேசை நடுவில் இருந்த போனில் எண்ணை அழுத்தினாள்.

முதலில் டேல். வாரியம், விசாரணை, ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்கிறோம் என்று சொன்னதும் குரலில் ஒரு மரியாதை வந்தது.

"கிரேடியா? நல்லாத் தெரியும் சார். என்ன உயரம்! ஆறடிக்கு மேல. முடி வெள்ளையா, முகம் செவந்து... ஏரியில ரெண்டு நாள் ஒண்ணா இருந்தோம். இவ்ளோ பெரிய மீன் பிடிச்சாரு சார்."

"வெள்ளைக்காரரா?" என்று பெட்டிஸ் கேட்டார்.

"இது என்ன கேள்வி சார்?" என்று டேல் சிரித்தான். "ஆமா."

அடுத்து வாடகை இயந்திரக் கடைக்காரன் ஸ்டான். "கிரேடி குள்ளம் சார். வழுக்கை. அயர்லாந்துக்காரங்க வம்சம். வாயில எப்பவும் சுருட்டு. என் கடை வாசல்ல நின்னு என்னைக் கிழிச்சு எடுத்திருக்காரு, மறக்க முடியுமா?"

இதற்குள் பெட்டிஸின் மீசை ஆட ஆரம்பித்திருந்தது. மூன்றாவது ஆள் ஜல்லிக் கிடங்கின் வெஸ். "பழைய பட்டாளத்துக்காரரு. நீலக் கண்ணு. இடது காலைக் கொஞ்சம் விந்தி நடப்பாரு. எங்க அண்ணனும் அவரும் ஒரே படைப்பிரிவுன்னா பாத்துக்குங்களேன்."

அவன் போனை வைத்ததும் கோர்டெலிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, இருமலா சிரிப்பா என்று சொல்ல முடியாதது. பெட்டிஸ் மேசையில் தட்டிக்கொண்டு சிரித்தார். பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். "ஆறடிக் குள்ளர்! வழுக்கையில வெள்ளை முடி! ஒரு காலை விந்திக்கிட்டுப் போய் மீன் பிடிச்சிருக்காரு!" என்றார் பெட்டிஸ்.

வெர்னிட்டாவும் சிரித்தாள். மூன்று பேரும் மூன்று முகம் வரைந்தார்கள். மூன்றும் வெள்ளை, மூன்றும் ஆம்பிளை. தினமும் காதில் கேட்ட குரல் அவளுடையது. பணம் அனுப்பியது அவள், கிடங்கு வாசலில் லாரியோடு போய் நின்றது அவள். அவளுக்கு என்ன முகம் என்று கேட்டால் ஒருத்தனும் பதில் சொல்லியிருக்க மாட்டான். போன் எடுக்கிற கண்ணு. அவ்வளவுதான்.

"கிரேடி எப்படி இருக்கும்னு நான் சொல்லட்டுமா?" என்றாள். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "பழுப்பு நிறம். ஒரு காது மடிஞ்சிருக்கும். தபால்காரனைக் கண்டா ஆகாது. நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது எங்க வீட்ல வளர்த்த நாய் சார் அது. அன்னிக்கு டேல் 'முதலாளி எங்கே'ன்னு மூணாவது தடவை கேட்டப்ப எனக்கு நல்லாக் குரைக்கற ஒருத்தர் வேண்டியிருந்தது."

சிரிப்பு நின்றது. பெட்டிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளையே பார்த்தார். பிறகு அம்ராவிடம் "எழுதிக்கோம்மா. குழு திருப்தியடைஞ்சது" என்றார்.

வெளியே வராந்தாவில் அம்ரா பின்னால் ஓடி வந்தாள். "அன்னிக்கே ஏன் என்கிட்டச் சொல்லலை?"

"வெட்கமா இருந்துதும்மா. வேற என்ன?"

அம்ரா கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "காண்ட்ராக்டர்களுக்கு நான் எழுதற மெயில்ல ஏ. பெகிச்னுதான் போடறேன்" என்றாள். "அம்ரான்னு போட்டா பதில் வராது." சொல்லிவிட்டு, சொன்னதே தப்போ என்பது போல விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

வி. டில்மன் அண்ட் கம்பெனி என்று தன் லாரிக் கதவுகளில் எழுதியிருப்பதை வெர்னிட்டா நினைத்துக்கொண்டாள்.

சான்றிதழ் வந்துவிட்டது என்று குதிக்க நேரமில்லை. மறுநாள் மத்தியானத்துக்குள் ப்ரெண்டிடம் அவள் தன் விலையைக் கொடுக்க வேண்டும். விலை போடக் குழாய் விலை வேண்டும். குழாய் விலை டேலிடம் இருந்தது. ஆபீசுக்குள் நுழைந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் போன் போட்டாள்.

"வாரியத்துலேருந்து கூப்பிட்டாங்க கண்ணு. கிரேடியைப் பத்தி நல்லபடியா நாலு வார்த்தை சொல்லி வெச்சேன்னு அவர்கிட்டச் சொல்லு" என்றான் டேல்.

"டேல், கிரேடின்னு யாரும் கிடையாது."

"என்ன?"

"கிடையாது. இத்தனை வருஷமும் பேசினது நான்தான். விலை பேசினது நான், திட்டினது நான். இப்ப எனக்கு வாரியத்து வேலைக்குக் குழாய் விலை வேணும்."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வந்தது. பிறகு, "இந்த விளையாட்டெல்லாம் வேணாம் கண்ணு. நான் அவரோட மீன் பிடிச்சிருக்கேன்" என்றான். அடடா, அந்தக் குரலில்தான் எத்தனை உறுதி! தான் விட்ட கதையைத் தானே நம்பிவிட்டவனை என்ன செய்வது? "இவ்ளோ பெரிய சரக்கு. விலை நான் கிரேடிகிட்டத்தான் பேசுவேன். போனை அவர்கிட்டக் கொடு."

வெர்னிட்டாவின் உள்ளங்கை தானாகவே போன் வாயைப் பொத்தியது. பழக்கம். எதிரே கோர்டெல் கையைக் கூப்பிக் கெஞ்சினான். "இந்த ஒரு தடவை அக்கா. கடைசித் தடவை. 'கிரேடி கேட்கிறாரு'ன்னு சொல்லு, விலை வந்துரும். பத்துப் பேர் வயிறு அக்கா" என்று கிசுகிசுத்தான்.

அவளுக்கும் தெரியும். நாலு வார்த்தை. பொய்யில் இன்னொரு பொய், யாருக்கும் நஷ்டமில்லை. ஆணியில் அந்தக் கோட்டு தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு தொங்கியது. அவளுக்குத் திடீரென்று அதன் மேல் பற்றிக்கொண்டு வந்தது. நாளெல்லாம் பள்ளத்தில் நிற்பது நான், பெயரெல்லாம் உனக்கா?

கையை எடுத்தாள்.

"டேல் ப்ரூகர், காதைத் தீட்டிக்கிட்டுக் கேளு. நீ எந்த ஏரியில யாரோட மீன் பிடிச்சேன்னு எனக்குத் தெரியாது. அதை இன்னிக்கு வாரியத்துல எல்லாரும் உக்காந்து கேட்டாங்க, நானும் பக்கத்துல இருந்து கேட்டேன். ஸ்டான் குள்ளம்கிறான், நீ ஆறடிங்கறே. உங்க மூணு பேரையும் ஒரு அறையில உக்கார வெச்சா ஊரே சிரிக்கும். இன்னும் பத்து நிமிஷத்துல எனக்கு விலை வரணும், எப்பவும் போடற விலை. வரலேன்னா ஆத்துக்கு அந்தப் பக்கம் இல்லினாய்ல குழாய் விக்கறவன் இருக்கான். மூணு வருஷச் சரக்கு. போக நான் ரெடி. என்ன சொல்றே?"

கோர்டெல் கண்ணை மூடிக்கொண்டான்.

"நீ... நீ அப்படியே கிரேடி மாதிரியே பேசறே" என்றான் டேல், கம்மிய குரலில்.

"ஆமா. வேற எப்படிப் பேசுவேன்?"

"விலை அனுப்பறேன்." பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், "மிஸ் டில்மன், இங்கே கிடங்குல எல்லார்கிட்டேயும் அந்த மீனைப் பத்திச் சொல்லி வெச்சிருக்கேன். நான் இப்ப அவங்ககிட்ட என்னன்னு சொல்வேன்?"

அவன் வாயிலிருந்து வந்த முதல் மிஸ் டில்மன் அது. அவளுக்கு அவன் மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. "அது உன் பாடு" என்று சொல்லி வைத்துவிட்டாள். நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அந்த வாரத்தில் அவள் ஒழுங்காக உட்கார்ந்தது அப்போதுதான்.

விலை வந்தது. டெண்டர் போனது. ப்ரெண்டுக்கு வேலை கிடைத்தது, வெர்னிட்டாவுக்கு அவள் பங்கு கிடைத்தது.

ஏப்ரலில் வேலை ஆரம்பித்த அன்று மழை. அவள் சின்ன வயதில் சைக்கிள் விட்ட தெருவிலேயே முதல் பள்ளம். வெர்னிட்டா முழங்கால் வரை சேற்றில் நின்றுகொண்டு, பள்ளத்துக்குள் இருந்த கோர்டெலிடம் குழாய்க்குச் சரிவு போதாது என்று கத்திக்கொண்டிருந்தாள். டேலின் கிடங்கிலிருந்து குழாய் லாரி வந்து நின்றது. புது ஓட்டுநர், இருபத்தைந்து வயசுக்குள் இருப்பான். குழாயை அவிழ்க்காமல் முதலில் முன் இருக்கையிலிருந்து எதையோ தூக்கிக்கொண்டு வந்தான். பெரிய மலர் வளையம். வெள்ளை லில்லிப் பூ, ஊதா நாடா. நாடாவில் தங்க எழுத்தில், கிரேடி, எங்கள் நண்பர், நேர்மையானவர் என்று எழுதியிருந்தது.

ஓட்டுநர் தொப்பியைக் கழற்றினான். மழை அவன் தலையில் கொட்டியது. "பெரியவரு போயிட்டாராமே மேடம். டேல் சொன்னாரு. கிடங்குல எல்லாரும் சேர்ந்து வாங்கினோம். ஸ்டானும் வெஸ்ஸும்கூடப் பங்கு கொடுத்தாங்க. டேல் கண்ணெல்லாம் கலங்கிட்டாரு."

பள்ளத்துக்குள் கோர்டெல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது.

வெர்னிட்டா வளையத்தை வாங்கிக்கொண்டாள். நல்ல கனம். நல்ல பூ, விலை கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் அந்தக் கிடங்கிலிருந்து அவளுக்கு ஒரு கிறிஸ்துமஸ் அட்டைகூட வந்ததில்லை.

"நல்ல மனுஷராம். அவரு இருந்திருந்தா இந்த மழையில உங்களை இப்படிச் சேத்துல நிக்க விட்டிருப்பாரா?" என்றான் அந்தப் பையன். மனசாரத்தான் சொன்னான்.

"தம்பி, அவரு இருந்தப்பவும் நான்தான் நின்னேன். அந்த ஆளு ஒரு நாள்கூடச் சேத்துல கால் வெச்சதில்லை."

"பெரிய முதலாளிங்க எல்லாம் அப்படித்தான் மேடம்" என்று அவன் தலையாட்டினான்.

வெர்னிட்டாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. பையன் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு சங்கடத்தோடு லாரியைப் பார்த்தான்.

"இனிமே யாரு பாத்துக்கறாங்க மேடம்? சரக்குச் சீட்டுல முதலாளி கையெழுத்து வேணும்னு சொல்லி விட்டாரு."

"கொடு இங்கே."

வளையத்தைப் பள்ளத்தின் ஓரத்துத் தடுப்புக் கம்பியில் மாட்டிவிட்டு, ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். வி என்று ஒற்றை எழுத்தோடு நிறுத்தாமல், வெர்னிட்டா டில்மன் என்று முழுசாகப் போட்டாள். அதற்குப் பக்கத்தில் முதலாளி என்று கொட்டை எழுத்தில் எழுதினாள்.

பையன் சீட்டைப் படித்தான். அவள் முகத்தை ஒருமுறை பார்த்தான். இன்னொரு முறை சீட்டைப் பார்த்தான். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, "குழாயை எங்கே இறக்கட்டும் மேடம்?" என்று அவளையே கேட்டான்.